நிலைக்கு மூன்று நிமிடம்

காலியம் காத்திருக்காது.
அறுபத்தெட்டு நிமிடத்தில் பாதியாகும்,
மீதியில் பாதி அடுத்த அறுபத்தெட்டில்.
மொந்தெவிதேயோவில் மழை கொட்டினாலும்
பேருந்துக்காரர்கள் வேலைநிறுத்தம் என்றாலும்
எங்கள் அறைக் கடிகாரம்
யாருக்கும் சலுகை காட்டியதில்லை.

வில்மார் எச்செனிக்கே, வயது எழுபத்தொன்று,
தெர்மோஸைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்தார்.
"மாத்தே குடிக்கலாமா?"
தண்ணீர் குடியுங்கள். நிறைய.
பிறகு போய்விட்டு வாருங்கள்
ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல்.
சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்
படத்தில் அதுதான் சூரியன்,
பக்கத்து அகல் தெரியாது.

சுரப்பியை எடுத்து நான்கு வருடம்.
பூச்சியமாய்க் கிடந்த எண்
இப்போது பூச்சியம் புள்ளி நான்கு.
எங்கிருந்து?
அதைத்தான் தேடுகிறோம்.

"எவ்வளவு நேரம்?"
ஏழு நிலை, நிலைக்கு மூன்று நிமிடம், இருபத்தொன்று.
"ஒன்று போதாதா? தோள் பிடித்துக்கொள்ளும்."
மேலிடமும் இதையேதான் கேட்கிறது.
நிமிடத்தைக் குறைத்தால்
நாளுக்கு இன்னும் இரண்டு பேரைப் பார்க்கலாமே.
சால்தோவிலிருந்து ஆறு மணி நேரம் பேருந்தில் வந்து
தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களைக் கண்டால்
எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.
ஒன்றிலும் படம் வரும், என்றேன்,
மணலை அள்ளித் தூவினாற்போல்.

அவர் சிரித்தார்.
லாஸ் பியெத்ராஸ் பந்தயத் திடலில்
முப்பத்தோரு வருடம்
முடிவுக்கோட்டுக் கேமராவின் பின்னால் நின்றவராம்.
"அந்தப் படத்தில் அகலம் என்பது இடமல்ல, மகளே,
நேரம்.
மயிரிழைத் துளை வழியே ஒரே கோட்டை
மறுபடி மறுபடி எடுத்து ஒட்டுவது.
குதிரை ஓடினால்தான் குதிரையாக விழும்.
கோட்டின்மேல் நின்று தொலைத்தால்
மூக்கு மட்டும் இழுபட்டு இழுபட்டு
ரயில் நீளத்துக்குப் போகும்."

இங்கே தலைகீழ், என்றேன்.
ஒளி உள்ளிருந்து இரண்டிரண்டாய்க் கிளம்பி
எதிரெதிர்த் திசையில் பறக்கும்.
வளையம் எண்ணும்.
நீங்கள் நிற்க வேண்டும்.

கைகளைத் தலைக்குமேல் தூக்கினார்,
துப்பாக்கி முனையில் நிற்பவர் மாதிரி.
தொடையிலிருந்து மேல்நோக்கித் தொடங்கினேன்
பை மறுபடி நிறைவதற்குள்.
இரண்டாம் நிலை, மூன்றாம் நிமிடம்
கண்ணாடிக்கு அப்பால்
போர்வை ஒருமுறை துள்ளியது.
கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம்.

முடிந்ததும் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டபடி
"யார் ஜெயித்தது?" என்றார்.
நான் திரையைப் பார்த்திருந்தேன்.
வலது இடுப்பெலும்பின் உள்பக்கம்
ஒரு கடுகு.
நான் சொல்லக் கூடாது, சென்யோர்.
"தெரியும். படம் எடுக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது.
கூண்டில் இருக்கிற நடுவர்கள்தான் சொல்வார்கள்.
ஒருமுறை என் தம்பி பணம் கட்டிய குதிரை
மூக்களவில் தோற்றது, எனக்கு முன்னமே தெரியும்.
பத்து நிமிடம் அவன் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்."
என் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.
தெர்மோஸை எடுத்துக்கொண்டு போனார்.

மாலையில் ஒரே பதிவை மூன்றாக வெட்டினேன்.
முதல் நிமிடம் மட்டும்.
முதல் இரண்டு.
மூன்றும்.
பெயரையும் நேரத்தையும் மறைத்து
டாக்டர் ஒலாசபாலின் முன் வைத்தேன்.
ஐந்துக்கு எவ்வளவு?

ஒற்றை நிமிடத்தில் கடுகுகள் ஏழெட்டு.
எது கணு, எது இரைச்சல், கல்லீரல்கூடப் பொரிந்து கிடந்தது.
இரண்டு, என்றார்.
அடுத்ததில் மற்றவை கரைந்துபோய்
ஒன்று மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.
நான்கு.
கடைசிப் படம் வழவழவென்று இருந்தது, பட்டுபோல.
கடுகு மட்டும்
வால் முளைத்து நீண்டிருந்தது.
மூன்று.
கொஞ்சம் யோசித்து, மூன்றுக்கும் கீழே, என்றார்.

மறைப்பை எடுத்துக் காட்டினேன்.
"அதிக நேரம் எடுத்ததா இது? ஏன் இப்படி?"

குதிரை ஓடிவிட்டது, என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
நடுப்படத்தை மறுபடி திறந்தார்.